குழந்தைக்குக் கண்புரை ஆபரேஷன்: பெரியவர் கணக்கு செல்லாது

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்வரை சுமார் 17 மி.மீ. நீளம்தான். பெரியவர்களுக்கு 23, 24 மி.மீ. இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு முதல் இரண்டு வருடத்திலேயே நடந்துவிடுகிறது. குழந்தைகளின் கண்புரை ஆபரேஷனில் நேரும் தவறுகள் பலவும் இதை மறப்பதால் வருபவை.

பெரிய தவறு, புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸின் பவரில். பெரியவருக்கு, தூரப்பார்வைக்குக் கண்ணாடியே தேவைப்படாதபடி பவர் பார்த்து வைப்பார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கும் அப்படியே வைத்தால் இன்றைக்குக் கச்சிதமாக இருக்கும். கண் நீள நீள மைனஸ் ஏறிக்கொண்டே போகும். அதனால் வேண்டுமென்றே பவரைக் குறைத்து வைத்துவிட்டு, மிச்சத்தை ப்ளஸ் கண்ணாடியால் சரிக்கட்டுவார்கள். “ஆபரேஷன் பண்ணியும் சோடாபுட்டிக் கண்ணாடியா?” என்று பெற்றோர் நொந்துகொள்ளத் தேவையில்லை, திட்டமே அதுதான்.

பவரைக் கணக்கிடக் கண்ணின் நீளத்தை அளவெடுப்பதிலும் கோட்டை விடலாம். அளவுக் கருவியின் முனை மென்மையான கருவிழியைக் கொஞ்சம் அழுத்தினாலும் கண் நிஜத்தைவிடக் குட்டையாகத் தெரியும். பெரியவர் கண்ணைவிட இங்கே 1 மி.மீ. பிசகுக்குப் பவர் அதிகம் மாறும். கருவிழியைத் தொடாமல், நடுவில் திரவம் வைத்து அளப்பது நல்லது.

சரி, கைக்குழந்தைக்கு லென்ஸ் வைத்தே ஆகவேண்டுமா? ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த, ஏழு மாதத்துக்கு உட்பட்ட 114 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஐந்து வயதில் பார்த்தபோது, உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கும் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும் பார்வை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் லென்ஸ் வைத்தவர்களுக்கே மறு ஆபரேஷன்கள் அதிகம் தேவைப்பட்டன. அவசரப்பட்டு வைப்பதில் லாபமில்லை என்றே எனக்குப் படுகிறது.

இயற்கை லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையின் பின்பக்கத்தை அப்படியே விட்டால் சின்னக் குழந்தைகளுக்கு அது கட்டாயம் என்று சொல்லுமளவுக்கு மங்கிவிடும். பெரியவரைப் போல அப்புறம் லேசரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், குழந்தை அசையாமல் உட்காராது. முதல் ஆபரேஷனிலேயே அதில் திறப்பு போட்டு, பின்னாலுள்ள ஜெல்லிலும் கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். குழந்தையின் கண்சுவர் நெகிழ்வானது. கீறல் தானாக மூடிக்கொள்ளும் என்று நம்பாமல் தையல் போட வேண்டும்.

ஆபரேஷனோடு வேலை முடிந்தது என்று நினைப்பது வீட்டில் நடக்கும் தவறு. நல்ல கண்ணை மூடிவைத்துப் பயிற்சி கொடுக்காவிட்டால் மூளை ஆபரேஷன் ஆன கண்ணைக் கண்டுகொள்ளாது. குழந்தை அழுகிறதே என்று பட்டையைப் பிரித்துவிடாதீர்கள். பவர் மாற மாறக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். கண்ணழுத்தம் பல வருடம் கழித்தும் ஏறலாம். பார்வை நன்றாக இருந்தாலும் செக்கப் தொடரட்டும்.