நாவலும் படமும் ஒரே தாளில்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழோ ஆங்கிலமோ, முதுகலையில் 'இலக்கியமும் சினிமாவும்' என்று ஒரு தாள் இருந்தால் அதற்குக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. படம் பார்த்தே தேறிவிடலாம் என்ற நம்பிக்கைதான். அசைன்மென்ட் எழுத உட்காரும்போது விஷயம் புரியும்.

பெரிய தவறு, வேற்றுமைப் பட்டியலோடு நிறுத்திவிடுவது. பூமணியின் 'வெக்கை' (1982), அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' (2019) இரண்டையும் எடுத்துக்கொள்வோம். நாவல் கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவன் சிதம்பரத்தோடேயே நகர்கிறது. படத்தில் அப்பா சிவசாமி நாயகனாகிறார். குடிசைகள் எரியும் பிளாஷ்பேக் நாவலில் கிடையாது. சரி, அதனால் என்ன? பலர் இங்கேயே பேனாவை மூடிவிட்டு, "படம் மூலத்துக்கு உண்மையாக இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கேட்க வேண்டியது வேறு. சாதியைப் பெயர் சொல்லிப் பேசாத நாவலை வைத்துக்கொண்டு, படம் ஏன் பஞ்சமி நிலத்தையும் (ஆங்கிலேயர் காலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட நிலம்), செருப்பு போட்டதற்காக தலித் பெண் அவமானப்படுவதையும் கண்முன் நிறுத்துகிறது? அந்தத் தீயைப் பார்ப்பவருக்கு 1968இல் தலித் விவசாயக் கூலிகள் குடிசையோடு எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் போகுமா? தனுஷ் நடிக்கும் படத்தில் இடைவேளைக்கு முன் ஒரு சண்டை வந்தே தீர வேண்டியதன் கணக்கு என்ன? எனக்கு நாவலின் அடக்கம்தான் பிடிக்கும். ஆனால் அது என் ருசி, ஆய்வு முடிவு அல்ல.

அடுத்தது, படத்தைக் கதைச் சுருக்கமாகப் படிப்பது. பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள், ஒரு ஷாட் பற்றிக்கூட இருக்காது. 'அசுரன்' தொடக்கத்தில் நீரில் நிலா தெரியும், அதைக் கலைத்துக்கொண்டு கால்கள் இறங்கும். நாவலோ சிதம்பரம் ஆளை வெட்டுவதிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த ஓர் இடத்தை வைத்தே நல்ல கட்டுரை எழுதலாம். காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துப் பாருங்கள். அப்புறம் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். எழுத விஷயம் தானாகக் கிடைக்கும்.

எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் இரண்டும் ஒன்று என்று நினைப்பதும் உண்டு. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு (1977) மூல நாவலை எழுதிய ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். இருந்தாலும் அதை பீம்சிங்கின் இயக்கத்தையும் நாயகி லட்சுமியின் முகத்தையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. இயக்குநர் பேட்டியில் சொன்னதை அப்படியே ஆதாரமாக வைப்பதும் இதே சோம்பல்தான். பேட்டி ஒரு தடயம், அவ்வளவே.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். யூடியூப் துண்டுகளை நம்பாதீர்கள். முழுப் படத்தையும் பார்த்து, எந்தக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாவலுக்குப் பக்க எண் தருகிற நாம் படத்துக்கு மட்டும் "ஒரு காட்சியில்" என்று எழுதினால், திருத்துபவர் எந்தக் காட்சியைத் தேடுவார்?