டிசைன் ப்ராஜெக்ட் என்றால் என்ன? ஒரு காய்கறி வண்டியை வைத்துப் படிப்படியாக

டிசைன் ப்ராஜெக்ட் என்றதும் முதலாண்டு மாணவர்கள் கேட்பது "எதைச் செய்யலாம்?" என்றுதான். கேட்க வேண்டியது "யாருக்கு, எந்த நேரத்தில், என்ன சிரமம்?" ஒருவருடைய சிரமத்தை அளந்து, தீர்வை வரைந்து, மாதிரி செய்து, அவர் கையிலேயே கொடுத்துப் பார்த்துத் திருத்துவதுதான் டிசைன் ப்ராஜெக்ட். பாகங்களை வாங்கி வந்து படத்தைப் பார்த்துக் கோத்தால் கைப்பழக்கம் வரும், நல்லதுதான். ஆனால் அதில் நீங்கள் முடிவெடுத்தது எதுவும் இல்லை.

இதற்கு வேலூர்ப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. தொழுநோயில் பாதம் மரத்துப்போகிறது. முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாமல் நடந்து நடந்து புண்ணாகிறது. மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் வேலூரிலும் கரிகிரியிலும் வேலை பார்த்தவர்களும் அந்தப் பாதத்துக்கென்றே செருப்பு வடிவமைத்தார்கள். உள்ளே மிருதுவான நுண்துளை ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி அடிப்பாகம். செருப்பு கழன்றாலும் காலுக்குத் தெரியாது, அதனால் குதிகாலில் வார். ஆணி கிளம்பிக் குத்தினாலும் தெரியாது, அதனால் ஆணியே கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் "ஏன்" என்று கேட்டால் பதில் இருக்கிறது பாருங்கள். உங்கள் ப்ராஜெக்டும் அப்படிப் பதில் சொல்ல வேண்டும்.

இனி நாமே ஒன்று செய்து பார்ப்போம். மே மாத வேலூரில், சாலையோரம் கீரையும் இலவம்பாடி முள்ளுக்கத்தரியும் விற்கும் ஒரு தள்ளுவண்டிக்கு நிழல்.

படி 1: போய் நின்று பாருங்கள்

ஒரே நாளில், காலை, உச்சி, மாலை என மூன்று வேளை. "அக்கா, குடை மாதிரி ஒண்ணு செஞ்சு தந்தா வேணுமா?" என்று கேட்காதீர்கள்; யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், உங்களுக்கும் ஒன்றும் தெரியவராது. "நேத்து எத்தனை கட்டு மிஞ்சுச்சு? எத்தனை மணிக்கு மேல வாடுது? சாக்கை எத்தனை தடவை நனைப்பீங்க?" என்று நடந்ததைக் கேளுங்கள். வாங்குபவர் எந்தப் பக்கம் நிற்கிறார், விற்பவர் எந்தப் பக்கம் உட்காருகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

படி 2: அளவெடுங்கள்

தேவை ஒரு டேப், சாக்பீஸ், 12 அங்குலக் குச்சி. நம் வண்டியின் தட்டு 6 அடி நீளம், 3 அடி அகலம், தரையிலிருந்து 2½ அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நீளப் பக்கம் மேற்கைப் பார்த்து நிற்கிறது.

குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி நிழலை அளந்துகொள்ளுங்கள். மே நடுவில் உச்சிவேளையில் நிழல் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வரும். மாலை 4 மணிக்கு 17 அங்குலம் வரை நீளும்.

இப்போது 6 அடி குறுக்களவுள்ள குடை ஒன்றை, வண்டி நடுவில், தட்டுக்கு 4 அடி மேலே பிடிப்பதாக நினையுங்கள். உச்சியில் தட்டின் பெரும்பகுதி நிழலில் இருக்கும். 4 மணிக்கு நிழல் கிழக்கே 4 × 17 ÷ 12, அதாவது ஏறக்குறைய 5¾ அடி தள்ளிப் போய்விடும். குடையின் பாதி 3 அடியைக் கழித்தால், நிழலின் மேற்கு ஓரமே வண்டி நடுவிலிருந்து 2¾ அடியில்தான் தொடங்குகிறது. தட்டோ 1½ அடியில் முடிந்துவிடுகிறது. குடை இருக்கிறது, கீரைக்குத் துளி நிழல் இல்லை. சாலையில் நிழல் விழுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் போடாமல் இதைவிடப் பெரிய குடை, விலை கூடிய குடை என்று போகிறவர்கள்தான் அதிகம்.

படி 3: பிரச்சினையை எண்களோடு எழுதுங்கள்

"வியாபாரிகளுக்கு வெயிலிலிருந்து பாதுகாப்பு" என்று எழுதினால் ஜெயித்தோமா தோற்றோமா என்று கடைசிவரை தெரியாது. இப்படி எழுதலாம்: மே மாதம் மாலை 4 மணிக்குத் தட்டில் முக்கால் பங்கு நிழலில் இருக்க வேண்டும்; ஒரே ஆள் 5 நிமிடத்தில் விரித்து மடக்க வேண்டும்; மடக்கினால் வண்டியின் அகலத்தைத் தாண்டக் கூடாது; பொருள்செலவு 2,500 ரூபாய்க்குள்.

படி 4: குறைந்தது மூன்று யோசனை

முதலில் தோன்றுவதை மட்டும் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். மேலே விரிப்பு மட்டும். மேற்கே சாய்ந்து நீளும் கூரை. மேல்விரிப்போடு மேற்குப் பக்கம் தொங்கும் திரை. மூன்றையும் படி 3-இன் எண்களோடு ஒப்பிடுங்கள்.

தொங்கும் திரை தட்டுக்கு அரை அடி மேல்வரை இறங்கினால், 4 மணிக்கு மேற்கு ஓரத்தில் முக்கால் அடி அளவே வெயில் படும். நம் கணக்குக்குச் சரி. ஆனால் வாங்குபவர் மேற்கே நின்றால் திரை வியாபாரத்தையே மறைத்துவிடும். அங்கே இடம் இருந்தால் வண்டியைத் திருப்பி நிறுத்தி, விற்பவர் முதுகுக்குப் பின்னால் திரை வருமாறு செய்யலாம். அந்தத் தீர்வுக்குச் செலவே இல்லை. அதையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 5: மட்டமான மாதிரி

முதல் மாதிரிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். சவுக்குக் கம்பு, பழைய ஃபிளெக்ஸ் பேனர், சணல் கயிறு போதும். அதற்கும் முன்பு அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவில் வண்டி செய்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நிழலைப் பாருங்கள். குச்சியின் நிழலும் 12-க்கு 17 என்ற அதே விகிதத்தில் விழும்படி டார்ச்சைப் பிடிக்க வேண்டும், தூரமாகவும் பிடிக்க வேண்டும். கிட்டே பிடித்தால் நிழல் விரிந்து கணக்கு தப்பும்.

படி 6: வண்டியில் கட்டிப் பாருங்கள்

வழக்கமாக இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று காற்று. கோடைமழைக்கு முன் அடிக்கும் காற்றில் தார்ப்பாய் பாய்மரம் மாதிரி உப்பி வண்டியையே சாய்க்கும். காற்று புகுந்து போகும் நிழல்வலை அவ்வளவு இழுக்காது. ஆனால் 50 சதவீத வலை பாதி வெயிலைக் கீழே விட்டுவிடும், 75 அல்லது 90 சதவீதம் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று நிறம். பச்சைத் தார்ப்பாயின் கீழே தக்காளி கருத்துத் தெரியும். நிழல் எவ்வளவு அருமையாக இருந்தாலும் விற்பவர் மறுநாளே அவிழ்த்துவிடுவார், அவிழ்ப்பதுதான் நியாயமும்.

உங்கள் நண்பர் அல்ல, விற்பவரே விரித்து மடக்க வேண்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று நேரம் பாருங்கள். எந்த முடிச்சில் கை தடுமாறுகிறதோ அங்கேதான் அடுத்த திருத்தம்.

படி 7: எழுதி ஒப்படையுங்கள்

அளவுகளோடு வரைபடம், பொருள்வாரிச் செலவு, தேதியிட்ட சோதனைக் குறிப்பு. தோற்றுப்போன இரண்டு யோசனைகளும் ஏன் தோற்றன என்பதோடு இருக்கட்டும். ரிவ்யூவில் கேள்வி அங்கிருந்துதான் வரும். இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல், மாலை 4 மணிக்கு அந்தப் பக்கம் ஒருமுறை போய் வாருங்கள். திரை விரித்திருக்கிறதா, சுருட்டிக் கயிறு போட்டு வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.