சைக்கிள் கம்பனி காசைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வது?

கொழும்புக் கம்பனி ஒன்றில் மகனுக்கு கியர் சைக்கிள் ஓடர் பண்ணினேன். திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெட்டியில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. பிரித்துப் பின் சில்லைச் சுற்றிவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ரிம் பிரேக் கட்டையில் 'சர்' என்று உரசுகிறது. திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள், காசு வரும் என்றார்கள். அதற்குப் பிறகு ஏழு கிழமை, சைக்கிளும் இல்லை காசும் இல்லை, போன் எடுத்தால் "அடுத்த கிழமை சேர்".

இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் போனில் கதைப்பதை நிறுத்துங்கள். மறுமுனையில் இருக்கும் பிள்ளையிடம் சத்தம் போட்டுப் பயனில்லை, காசு அவர் கையில் இல்லை. எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்: வாங்கிய திகதி, பில் இலக்கம், தொகை, என்ன பழுது, எந்தத் திகதிக்குள் காசு வேண்டும். நான் 14 நாள் கொடுத்தேன். மின்னஞ்சலும் அனுப்பி, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் போட்டேன், தபால் கந்தோரில் தந்த துண்டைப் பத்திரமாக வைத்தேன்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட, பொருளை வாங்கியதிலிருந்து மூன்று மாதம்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. "அடுத்த கிழமை" என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் உங்கள் மூன்று மாதத்தில் ஒரு கிழமை போகிறது. எனக்கு ஆத்திரமே இதில்தான். வழி தெரியாவிட்டால் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பில், படங்கள், அனுப்பிய கடிதம் எல்லாவற்றிலும் ஒரு பிரதி இணையுங்கள். பில் தராத கடை என்றால் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை.

கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் உடனே எழுதிக் கொடுங்கள், அந்தக் கொடுப்பனவை ஆட்சேபிக்கலாம். அதற்கும் காலக்கெடு உண்டு. வங்கிக் கணக்குக்கு நேராகக் காசு போட்டவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இன்னும் சைக்கிள் உங்கள் கையில் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பெட்டியையும் பழுதையும் படம் எடுங்கள். அப்புறம் சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பிரேமில் குத்தியிருக்கும் இலக்கத்தையும் எடுங்கள். எடுக்க வருபவர் அந்த இலக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போடாமல் பெட்டியைக் கொடுக்கவேண்டாம். நான் இதைச் செய்யவில்லை, அதனால்தான் "எங்களுக்கு எந்தச் சைக்கிளும் வரவில்லை" என்று ஒரு கட்டத்தில் சொன்னார்கள்.

கடைசியில் காசுக்குப் பதிலாக வேறு மொடல் தருகிறோம் என்பார்கள். விருப்பமில்லாவிட்டால் அதையும் எழுத்திலேயே மறுத்துவிடுங்கள். "சைக்கிள் வேண்டாம், காசு மட்டும் போதும், அதிகார சபைக்கு முறைப்பாடு போய்விட்டது" என்று நான் ஒரு வரி அனுப்பினேன். ஐந்தாம் நாள் முழுத் தொகையும் கணக்கில் விழுந்தது.