நாவொலியின் எதிரொலியால் சுற்றுப்புறத்தை அறியப் பழகும் முறை

பார்வை இழந்தவருக்குக் காது தானாகவே கூர்மையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மாறுவது மூளைதான். கண்ணிலிருந்து செய்தி வருவது நின்ற பிறகும் தலையின் பின்பகுதியில் உள்ள பார்வைப் புறணி, அதாவது காட்சியை உணரும் மூளைப்பகுதி, ஓய்ந்துவிடுவதில்லை. பிரெயில் படிக்கும் விரலின் தொடுவுணர்வையும் ஒலியையும் ஆராயும் பணியில் அது பங்கேற்கிறது. நாக்கைச் சொடுக்கி எதிரொலியால் வழியறியும் பார்வையற்றவர்கள் இருவரை 2011இல் ஆராய்ந்தபோது, எதிரொலியைக் கேட்கும் நேரத்தில் அவர்களது பார்வைப் புறணி இயங்கியது தெரியவந்தது. இத்திறனைப் பெரியவர்களும் பழகிக்கொள்ள முடியும்.

முதலில் ஒலியைச் சீராக்குங்கள். நாக்கின் முன்பகுதியை மேலண்ணத்தில் அழுத்தி, சட்டென்று கீழே இழுத்தால் 'டக்' என்ற கூர்மையான ஓசை பிறக்கும். அது குறுகியதாகவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் ஓசை மாறிக்கொண்டே இருந்தால் எதிரொலியின் மாற்றத்தைப் பிரித்தறிய முடியாது.

அமைதியான அறையில் அமர்ந்து, அகலமான தட்டு ஒன்றை முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு ஓசை எழுப்புங்கள். பிறகு தட்டை விலக்கிவிட்டு மீண்டும் எழுப்புங்கள். தனியான எதிரொலி கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள சுவரிலிருந்துகூட ஒலி ஏறத்தாழ 6 மில்லி நொடியில் திரும்பிவிடுவதால், அது மூல ஓசையோடு கலந்து, அதன் தொனியைச் சற்றே மாற்றிக் காட்டும். அந்தத் தொனி மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். தட்டு இருக்கிறதா இல்லையா என்பது தயக்கமின்றித் தெரிந்த பிறகே தூரத்தை மாற்றுங்கள். அதன்பின் வேறொருவர் அதை இடமோ வலமோ பிடிக்க, தலையை மெல்லத் திருப்பித் திசையைக் கண்டுபிடியுங்கள். உதவுபவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகினால் உங்கள் சிரமம் அவருக்குப் புரியும்.

அடுத்து சுவர், மூலை, திறந்த கதவு எனப் பழகலாம். திரைச்சீலையும் மெத்தையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தொடக்கத்தில் அவை நிறைந்த அறையைத் தவிர்ப்பது நல்லது.

2021இல் வெளியான ஓர் ஆய்வில் 21 முதல் 79 வயது வரையிலானோர் 10 வாரப் பயிற்சியில் தெளிவான முன்னேற்றம் கண்டனர். முதுமை அதற்குத் தடையாக இருக்கவில்லை. ஆனால் கேட்கும் திறன் குறைந்திருந்தால் முன்னதாகச் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வெளியில் செல்லும்போது வெண்கோலை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. தரையிலுள்ள பள்ளத்தையும் இறங்கும் படியையும் நாவொலி நம்பகமாக உணர்த்தாது.