ஜியோலைட்டில் உலோகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

டர்பன் தெற்கில் எண்ணெய் ஆலைகள் ஓடிய காலத்தில், ‘கேட் கிராக்கரில் வேலை’ என்று அண்டை வீட்டு மாமாக்கள் பெருமையாகச் சொல்வார்கள். கனமான எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் அந்த வகைக் கிராக்கருக்குள் வேலை செய்வது ஒய் ஜியோலைட் (சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த படிகம்) என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதில் லாந்தனம் சேர்ப்பது வழக்கம். ‘உலோகப் பதிலீடு’ என்றதும் மாணவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். முதல் தவறு அங்கேயே.

உப்புக் கரைசலில் கலக்கி, சோடியத்தை வெளியேற்றி லாந்தனத்தை உள்ளே விடுவது அயனிப் பரிமாற்றம். லாந்தனம் படிகத்தின் கூண்டு போன்ற துளைகளுக்குள் குடியேறுகிறது. படிகத்தின் எலும்புக்கூடான சட்டகம் அப்படியே இருக்கிறது. காலியமோ இரும்போ போரானோ சட்டகத்திலேயே அலுமினியத்தின் இடத்தைப் பிடித்தால்தான் அது சட்டகப் பதிலீடு.

எந்த உலோகத்தைப் போட்டாலும் அமிலம் கூடும் என்று நினைப்பது அடுத்த தவறு. சிலிக்கானின் நான்குக்குப் பதில் மூன்று மின்னூட்டம் கொண்ட அயனி வந்தால் ஓர் எதிர்மின்னூட்டம் மிஞ்சும். அதை ஈடுகட்ட வரும் புரோட்டான்தான் பிரான்ஸ்டெட் அமிலம். டைட்டானியத்துக்கும் நான்கு என்பதால் அங்கே புரோட்டானுக்கு வேலை இல்லை. 1983-இல் இத்தாலியர்கள் காப்புரிமை பெற்ற டிஎஸ்-1 என்ற டைட்டானியம் ஜியோலைட் பெயர் வாங்கியது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்சிஜனேற்றத்தில்.

எண்ணிக்கையையும் வலிமையையும் குழப்பாதீர்கள். வலிமை அலுமினியம், காலியம், இரும்பு, போரான் என்று இறங்கும். அலுமினியத்தை அதே அளவு இரும்பால் மாற்றினால் அமில இடங்கள் குறைய வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் சற்று சோம்பேறியாகும், அவ்வளவுதான். அமோனியாவை ஏற்றிச் சூடாக்கி அளக்கும் வெளியேற்றச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், லூயிஸ் அமிலமும் (புரோட்டான் தராமல் எலக்ட்ரான் இணையை ஏற்பது) அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும். பிரிடின் ஏற்றி அகச்சிவப்பில் பாருங்கள்: சுமார் 1545 செ.மீ⁻¹-இல் பிரான்ஸ்டெட், 1450 செ.மீ⁻¹-இல் லூயிஸ்.

நான் சறுக்கியது இரும்பில். எக்ஸ்ரே படம் சுத்தமாக இருந்தது, ‘பதிலீடு வெற்றி’ என்று எழுதிவிட்டேன். சூளையிலிருந்து எடுத்த பொடியோ இளம்பழுப்பு! சட்டகத்தில் இருக்கும் இரும்பு வெள்ளையாகத்தான் காட்டும். அவசரமாகச் சூடேற்றியதில், துளைகளை உருவாக்கச் சேர்த்த கரிம அச்சு எரிந்து வந்த நீராவி இரும்பை வெளியே இழுத்திருக்கிறது. நுண்ணிய ஆக்சைடுத் துகள்கள் எக்ஸ்ரேக்குப் படாது. அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறிய பெட்டி) மாறியதா என்று பார்த்திருக்கலாம்: இரும்பும் காலியமும் அதை விரிக்கும், போரான் சுருக்கும்.

அப்புறம், எங்கள் ஊர் ஈரக்காற்று. ஒய் ஜியோலைட் தன் எடையில் கால் பங்கு வரை நீர் குடிக்கும். உலர்த்தாமல் தராசில் வைத்து, கிராமுக்கு இத்தனை அமிலம் என்று கணக்குப் போட்டால் அது டர்பன் மழைக்குப் போட்ட கணக்கு.