துடைக்கிற கிண்ணத்தில் சலைன் வேண்டாம்
ஆபரேஷன் நடுவே ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கி), கத்தரி துடைக்கிற காஸ் துணியை சலைனில் நனைக்காதீர்கள். ஸ்டெரைல் வாட்டரில் (கிருமி நீக்கிய வெறும் தண்ணீர்) நனையுங்கள். சலைனில் இருக்கும் 0.9 சதவீத உப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும். மூட்டிலும், பிடியைப் பூட்டும் லாக் பற்களிலும்தான் துரு முதலில் தெரியும். (திசையன்விளைப் பக்கம் உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பு வாளியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.) ரத்தத்தையும் காயவிடாதீர்கள், அதிலும் உப்புதான்.

வயிற்றை அலச, காயத்தைக் கழுவ இந்த விதி பொருந்தாது. சர்ஜன் வேறு சொன்னாலொழிய அங்கே சலைன்தான்; வெறும் தண்ணீர் ரத்த அணுக்களை உடைத்துவிடும். அப்புறம், இரண்டு கிண்ணமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஊற்றிய கையோடு லேபிள் ஒட்டிவிடுங்கள்.