ப்ளூரே வாங்கும் முன் பின்னட்டையைப் படியுங்கள்

மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற காலத்தில் வேலூரில் படம் வாங்க யாரும் அதிகம் யோசித்ததில்லை. பாதியில் நின்றுபோனாலும் நட்டம் ஒரு வேளை டிபன் காசுதான். அந்த விலையும் போய்விட்டது, சிடி கடைகளும் போய்விட்டன. டிவிடியைவிடத் தெளிவான படம் தருவது ப்ளூரே, அதைவிடத் தெளிவானது 4கே டிஸ்க். இன்று ஒரு படத்தின் 4கே டிஸ்க்கோ, அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடரின் ப்ளூரே பெட்டியோ வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. செலவு ஆயிரங்களில் போகிறது. ஆனாலும் காட்பாடி விடுதி மாணவர்களானாலும், சத்துவாச்சாரியில் புதிதாகப் பெரிய டிவி வாங்கியவர்களானாலும், எந்தப் படம் எப்போது வருகிறது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நம் வீட்டுப் பிளேயரில் இது ஓடுமா என்ற கேள்வி பார்சலைப் பிரித்த பிறகுதான் வருகிறது.

அதிகம் பேர் சறுக்குவது ரீஜன் விஷயத்தில். எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதற்கான குறிதான் ரீஜன். டிவிடியில் அமெரிக்கா 1, ஜப்பானும் ஐரோப்பாவும் 2, இந்தியா 5. ப்ளூரேயில் கணக்கே வேறு: அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. நம் கடைகளில் கிடைத்த மலிவு டிவிடி பிளேயர்கள் பலவும் எந்த நாட்டு டிஸ்க்கையும் மறுப்பின்றி ஓட்டின. அந்தப் பழக்கத்தில் ப்ளூரேயையும் வாங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ப்ளூரே பிளேயர் அவ்வளவு தாராளம் காட்டாது. ரீஜன் பொருந்தவில்லை என்று திரையில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். பின்னட்டையின் கீழ் ஓரத்தில் அறுகோணத்துக்குள் ஏ, பி, சி என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டிவிடியில் அதே இடத்தில் சிறு உலக உருண்டையும் அதற்குள் எண்ணும் இருக்கும். விற்பனைப் பக்கத்தில் முன்னட்டைப் படம் மட்டும் இருந்தால், பின்னட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: டிவிடி டிரைவின் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்த இடத்திலேயே அது நிலைத்துவிடும்.

4கே டிஸ்க்குகளுக்கு இந்த ரீஜன் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு தொல்லை இருக்கிறது: சாதாரண ப்ளூரே பிளேயர் அவற்றைப் படிக்காது. டிஸ்க் போட்டு விளையாடும் பிளேஸ்டேஷன் 4 கூடப் படிக்காது. பிளேஸ்டேஷன் 5 படிக்கும். ஆனால் டிஜிட்டல் எடிஷன் வாங்கியிருந்தால் அதில் டிஸ்க் போடவே இடமிருக்காது. பெட்டியின் நிறத்தை நம்புவதும் ஆபத்து. ப்ளூரேக்கு நீலம் சரிதான். ஆனால் 4கேவுக்குக் கறுப்பு, டிவிடிக்கும் பெரும்பாலும் கறுப்பு.

சாம்சங் 2019-லேயே புதிய ப்ளூரே பிளேயர்களை நிறுத்திக்கொண்டது. 2024-இல் எல்ஜியும் விலகியது. அதனால் பழைய பிளேயர் தேடிச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்கு ரயிலேறுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். கையோடு 50 ஜிபி இரட்டை அடுக்கு ப்ளூரே டிஸ்க் (படம் இரண்டு அடுக்குகளில் பதிந்தது) ஒன்றைக் கொண்டுபோய், படத்தின் கடைசி அரைமணி நேரத்துக்குத் தாவிப் பாருங்கள். லென்ஸ் தளர்ந்த பிளேயர் முதல் அடுக்கை நன்றாக ஓட்டிவிட்டு, இரண்டாவது அடுக்கில் திணறும். சோனி 2025-இல் நிறுத்தியது, நாமே பதிவு செய்யும் வெற்று டிஸ்க்குகளை. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, இனிப் படமே டிஸ்க்கில் வராது என்று பதறி, கிடைத்த விலைக்கெல்லாம் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

தியேட்டரில் தமிழில் பார்த்த ஹாலிவுட் படம் அமெரிக்க டிஸ்க்கிலும் தமிழ் பேசும் என்று எதிர்பார்ப்பது அடுத்த ஏமாற்றம். அதில் பெரும்பாலும் ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு மட்டுமே இருக்கும். படத்தை இணையத்திலும் பெற உள்ளே வரும் டிஜிட்டல் பிரதிக்கான குறியீட்டுச் சீட்டும் பொதுவாக இங்கே செல்லாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வெளியீட்டுத் தேதியையும் கவனித்துப் படியுங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 5/6 என்றால் மே 6. அங்கே புதிய டிஸ்க்குகள் செவ்வாய்க்கிழமைகளில் வருவதால், கிழமையை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அனிமே வாங்குபவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானிய டிஸ்க்தான் அசல் என்று ஆசைப்பட்டு வாங்கினால், ஒரு டிஸ்க்கில் இரண்டு மூன்று அத்தியாயங்களே இருக்கலாம், விலையோ எக்கச்சக்கம். ஆங்கில சப்டைட்டில் பலவற்றில் இருப்பதே இல்லை. அமெரிக்கப் பதிப்புகளில் பன்னிரண்டு, பதிமூன்று அத்தியாயங்கள் ஒரே பெட்டியில் வந்துவிடும். பழைய தொடர் மங்கலாக இருக்கும், புதியது பளிச்சென்று இருக்கும் என்ற கணிப்பும் தவறு. 1980களிலும் 90களிலும் கையால் வரைந்து ஃபிலிமில் எடுத்தவற்றை இன்று புதிதாக ஸ்கேன் செய்தால் கோடுகளின் நடுக்கம்கூடத் தெரியும். 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள், பல தொடர்களைக் கணினியிலேயே அன்றைய டிவியின் அளவுக்குச் சிறிய படமாக முடித்தார்கள். அவற்றின் ப்ளூரே, அந்தச் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கியதுதான். அவற்றுக்கு டிவிடியே போதும் என்பது என் கட்சி.

ஐம்பது அத்தியாயங்கள், மூன்றே டிவிடி, எல்லா ரீஜனிலும் ஓடும், ஆங்கிலம் சீனம் இரண்டிலும் சப்டைட்டில் என்று மலிவாக ஒரு பெட்டி கண்ணில் பட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிஸ்க்குக்குப் பதினேழு அத்தியாயங்கள் வருகின்றன. இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவே 8.5 ஜிபிதான், முறையான பதிப்புகள் பொதுவாக அதில் நாலு முதல் ஏழு அத்தியாயங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. அப்படிப்பட்ட பெட்டி திருட்டுப் பதிப்பாகத்தான் இருக்கும். டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னாமல் ஊதா சாயலில் இருந்தால், யாரோ கணினியில் எழுதிக் கொடுத்தது.

இங்கிலாந்து டிவிடியில் படத்தை வெட்டிவிட்டார்கள் என்ற புகாருக்குப் பெரும்பாலும் கத்தரி காரணமல்ல. நொடிக்கு 24 ஃபிரேம்கள் கொண்ட படத்தை அங்கே 25 ஆக ஓட்டுகிறார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல்களும் சற்றே கீச்சென்று ஒலிக்கும். இசைக்காக வாங்குபவர்கள் ப்ளூரேயையே தேடுவது நல்லது.

விலையைப் பார்க்கும்போது அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பாருங்கள். பரிசு என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி இல்லை என்பது பழைய கதை. 5,000 ரூபாய் வரையிலான பரிசுகளுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

வேலூர் வெயிலில் டிஸ்க்குகளைக் கோட்டை வெளியில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வளைந்த டிஸ்க் நிமிராது. அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள், வட்டமாகச் சுற்றித் தேய்க்காதீர்கள். பழைய விசிடிகளில் படம் பதிந்திருப்பது பெயர் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான். அங்கே பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் படமே போய்விடும். கீறல் விழுந்த டிவிடியை இயந்திரத்தில் தேய்த்துச் சரிசெய்யலாம், அதில் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காப்பாக இருக்கிறது. ப்ளூரேயில் அந்தக் காப்பு 0.1 மில்லிமீட்டர்தான். கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் அதைத் தேய்க்கக் கொடுக்காதீர்கள்.